திருநாளின் இன்பமும் சுமையும்

திருநாள் இல்லாத நாடு உலகில் இல்லை. நாள்தோறும் உழைத்துச் சலித்த மனிதன், ஆண்டில் சில நாள்களையேனும் தனியே பிரித்து வைத்து, அந்நாள்களில் உற்றார் உறவினரோடு கூடி உண்டு மகிழ விரும்பினான். அவ்விருப்பமே திருநாள்களுக்கு வித்தாயிற்று. சிறுவர்கள் திருநாளின் வரவை விரல் விட்டு எண்ணிக் காத்திருக்கின்றனர். முதியோர் தம் இளமையை நினைத்து மகிழ்கின்றனர்.

ஆயினும் ஒன்றை நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும். மகிழ்ச்சிக்கென்றே அமைந்த அந்நாளில் பல இல்லங்களில் களைப்பும் கவலையும் மனத்தாங்கலும் தலைகாட்டுகின்றன. அஃது ஏன்? திருநாளின் இன்பம் எங்கிருந்து வருகின்றது? அதன் சுமை எங்கிருந்து வருகின்றது? சுமையைக் குறைத்து இன்பத்தைப் பெருக்கிக்கொள்ள வழி உண்டா? இராமநாதபுரம் மாவட்டத்தில் மார்கழித் திங்களில் நிகழும் இரு திருநாள்களைச் சான்றாகக் கொண்டு இவ்வினாக்களுக்கு விடை காண்போம். அவ்விரண்டனுள் ஒன்று திருவாதிரை. மற்றொன்று கிறிஸ்து பிறப்பு விழா. சமயத்தால் வேறுபட்டவை எனினும், இல்லத்துள் நுழைந்து பார்த்தால் இவ்விரண்டும் உடன்பிறந்தவை போலவே காணப்படும்.

முதற்கண், மார்கழி அப்பகுதி மக்களுக்கு எத்தகைய காலம் என்பதை அறிதல் வேண்டும். இராமநாதபுரம் வானம் பார்த்த பூமி. வடகிழக்குப் பருவமழையால் கண்மாய்கள் நிறைந்தால்தான் அங்கே நெல் விளையும். மார்கழியில் பயிர் வயலில் நிற்கும். அறுவடைக்குத் தை, மாசித் திங்கள்கள் வரவேண்டும். எனவே, மார்கழியில் குதிரில் பழைய நெல் அடிமட்டத்திற்கு வந்திருக்கும்; புதிய நெல் இன்னும் வீடு வந்திராது. கடற்கரையின் நிலையும் அதுவே. புயற்சின்னம் தோன்றும்போதெல்லாம் படகுகள் கரையிலேயே நிற்கும். கடலுக்குச் செல்லாத நாளில் மீனவர்க்கு வருவாய் இல்லை. இவ்வாறு கை சுருங்கியிருக்கும் காலத்தில்தான் இரு திருநாள்களும் வருகின்றன. இதனை மனத்திற்கொண்டு மேலே செல்வோம்.

இராமநாதபுரம் நகருக்குத் தென்மேற்கே ஏறத்தாழ 18 கிலோமீட்டர் தொலைவில் உத்தரகோசமங்கை என்னும் சிற்றூர் உள்ளது. மங்களநாதரும் மங்களேசுவரியும் எழுந்தருளியுள்ள பழம்பெருந்திருக்கோயில் அங்கே விளங்குகின்றது. மாணிக்கவாசகர் இவ்வூரைத் திருவாசகத்தில் பல இடங்களில் போற்றியுள்ளார். இங்குள்ள நடராசப் பெருமானின் திருமேனி மரகதத்தால் ஆயது. அத்திருமேனி ஆண்டு முழுவதும் சந்தனக் காப்பினுள் மறைந்திருக்கும். மார்கழித் திருவாதிரையை ஒட்டி மட்டுமே அக்காப்புக் களையப்படும். அப்போது மக்கள் மரகதத் திருமேனியைக் கண்டு வணங்குவர். இரவில் திருமுழுக்குகள் நிகழும். பின்னர், பொழுது புலருமுன் புதிய சந்தனம் சாத்தப்படும். அதன் பின் அத்திருமேனியைக் காண அடுத்த மார்கழி வரையில் காத்திருத்தல் வேண்டும்.

ஆண்டுக்கு ஒருமுறையே கிட்டும் காட்சியாதலின், அமைதியான அச்சிற்றூர் அந்நாளில் மக்கட் கடலாகி விடுகின்றது. முதுகுளத்தூர், கமுதி, பரமக்குடி முதலிய ஊர்களிலிருந்தும் அவற்றைச் சூழ்ந்த சிற்றூர்களிலிருந்தும் குடும்பம் குடும்பமாக மக்கள் வருகின்றனர். முற்காலத்தில் மாட்டுவண்டிகளில் வந்தனர்; இக்காலத்தில் பேருந்துகளில் வருகின்றனர். வாகனம் மாறியதே அன்றி வழக்கம் மாறவில்லை. தாத்தா தம் பேரனைத் தோளில் ஏற்றிக்கொண்டு நிற்பார். அவரையும் ஒருகாலத்தில் அவருடைய தந்தை அவ்வாறே தோளில் ஏற்றியிருப்பார். வெளியூரில் வாழ்க்கைப்பட்ட பெண் தன் தமக்கையைக் கோயில் வாயிலில் கண்டு கைகளைப் பற்றிக்கொள்வாள். கோயிலுக்கு வரும் வழியே உறவு கூடும் வழியுமாகின்றது.

கோயிலில் விழா நிகழும்போது வீட்டிலும் ஒரு விழா நிகழ்கின்றது. அதுவே திருவாதிரைக் களி. பச்சரிசியையும் பாசிப்பருப்பையும் வறுத்து, குறுணையாக உடைத்து, வெல்லப் பாகில் வேகவைத்து, தேங்காய்த் துருவலும் நெய்யும் ஏலமும் சேர்த்துக் களி கிண்டுவர். அதனோடு உண்பதற்குப் பூசணி, சேனை, வள்ளிக்கிழங்கு, அவரை, மொச்சை, வாழைக்காய், கத்தரி என ஏழு வகைக் காய்களைச் சேர்த்துக் கூட்டு வைப்பர். சொல்லுவதற்கு இரண்டு வரிகள். செய்வதற்கோ ஒரு பகலும் ஓர் இரவும் வேண்டும். மார்கழிப் பனியில் நான்காம் சாமத்திலேயே எழுந்து, குளிர்ந்த நீரில் தலை முழுகி, ஈர விறகோடு போராடி அடுப்பு மூட்டிய அன்னையர் எத்தனை பேர்! எரிவாயு அடுப்பு வந்துவிட்ட இந்நாளிலும் அனைவர்க்கும் முன்னே எழுபவர் அவர்களே. அனைவரும் உண்டபின் உண்பவரும் அவர்களே.

இனி, கடற்கரைக்குச் செல்வோம். பாம்பன், தங்கச்சிமடம், மூக்கையூர் முதலிய ஊர்களில் கத்தோலிக்க மீனவர் குடும்பங்கள் பல வாழ்கின்றன. கிறிஸ்து பிறப்பு விழாவிற்கு நான்கு வாரங்களுக்கு முன்பே அங்கே திருவருகைக் காலம் தொடங்குகின்றது. வீட்டிற்கு வெள்ளையடிக்கின்றனர். மூங்கிற் சிம்பும் வண்ணத்தாளும் கொண்டு விண்மீன் விளக்குக் கட்டி வாயிலில் தொங்கவிடுகின்றனர். சிறுவர்கள் வைக்கோலும் களிமண்ணும் கொணர்ந்து குடில் அமைக்கின்றனர். குடிலின் முன்னே பசும்புல் வேண்டுமென்று கேழ்வரகைத் தூவி, நாள்தோறும் நீர் தெளித்து, அது முளைவிடுவதைக் காலையிலும் மாலையிலும் குனிந்து பார்த்துக் களிக்கின்றனர். பெண்டிர் முறுக்கும் அதிரசமும் அச்சு முறுக்கும் சுடுகின்றனர். மழைக்காலமாதலின் இடித்த மாவை உலர்த்த வெயில் கிடைப்பதில்லை. மேகம் விலகும் நேரம் பார்த்து மாவை வெளியே பரப்புவதும், தூறல் விழுந்ததும் ஓடி அள்ளுவதுமாக அவர்கள் பொழுது கழியும்.

டிசம்பர் 24ஆம் நாள் நள்ளிரவில் மணி ஒலிக்கின்றது. புத்தாடை உடுத்த சிறுவர்கள் தூக்கக் கண்களோடு பெற்றோரின் கையைப் பிடித்துக் கோயிலுக்குச் செல்கின்றனர். திருப்பலி முடிந்ததும் ஒருவரையொருவர் வாழ்த்துகின்றனர். மறுநாட் காலை, பலகாரத் தட்டுகள் வீடு வீடாகச் செல்கின்றன. அத்தட்டுகள் சமயம் பார்த்துச் செல்வதில்லை. அண்டை வீடு எதுவோ அங்கே செல்கின்றன. தீபாவளியன்று வந்த தட்டிற்கு மறுதட்டு அது. 2023ஆம் ஆண்டில் கிறிஸ்து பிறப்பு விழா கழிந்த இரண்டாம் நாளே திருவாதிரை வந்தது. ஒரே வாரத்தில் முறுக்கும் களியும் கைமாறுவதற்கு அவ்வாண்டு வாய்த்தது.

இவ்விரு திருநாள்களும் தரும் இன்பத்தை ஆராய்ந்தால் அது மூன்று ஊற்றுகளிலிருந்து வருவதைக் காணலாம். முதலாவது கூடுதல். தொழில் காரணமாகப் பிரிந்தவர்கள் ஓரிடத்தில் கூடுகின்றனர். இரண்டாவது நினைவு. ஆண்டுதோறும் ஒரே செயலை ஒரே முறையில் செய்வதால், அச்செயல் காலத்தைக் கோக்கும் நூலாகின்றது. பாட்டி கிண்டிய களியின் மணம் பேத்தி கிண்டும் களியிலும் எழும்போது, இரு தலைமுறைகள் ஒரு நொடியில் இணைகின்றன. மூன்றாவது ஈதல். பிறர்க்குக் கொடுப்பதால் வரும் மகிழ்ச்சி, தான் உண்பதால் வரும் மகிழ்ச்சியினும் நெடுநேரம் நிற்கின்றது. இம்மூன்றனுள் எதுவும் கடையில் விற்கப்படுவதன்று என்பதை நாம் மறத்தலாகாது.

திருநாளின் சுமையும் மூன்று வழிகளில் வருகின்றது. முதலாவது பொருட்சுமை. அனைவர்க்கும் புத்தாடை வேண்டும். பலகாரத்திற்கு எண்ணெயும் வெல்லமும் வேண்டும். மணமான மகளுக்கு முதலாண்டுச் சீர் அனுப்புதல் வேண்டும். கையில் பொருள் இல்லாத காலத்தில் இவை அனைத்தும் ஒருங்கே வருவதால், பலர் கடன் வாங்குகின்றனர். விழா ஒரு நாளில் முடிந்துவிடும்; வட்டியோ அடுத்த விழா வரையில் உடன் வரும். சிலர் தாலிச் சங்கிலியையே அடகு வைக்க நேருகின்றது.

இரண்டாவது வேலைச்சுமை. இஃது அனைவர்க்கும் ஒப்பப் பகிரப்படுவதில்லை. பெரும்பான்மையும் இல்லத்துப் பெண்டிர் மீதே விழுகின்றது. அடுப்படியில் நிற்பது மட்டும் அன்று அவர்கள் சுமை. யாருக்கு எந்த ஆடை, எந்த வீட்டிற்கு எத்தனை பலகாரம், யாரை அழைக்க மறந்தால் யார் வருந்துவர், என்று பிள்ளைக்குப் பள்ளி விடுமுறை என்றெல்லாம் ஓயாது எண்ணிக்கொண்டிருப்பதும் ஒரு சுமையே. கையால் செய்யும் வேலை கண்ணுக்குத் தெரிகின்றது. மனத்தால் சுமக்கும் வேலை தெரிவதில்லை. தெரியாததால் அதற்கு நன்றியும் கிடைப்பதில்லை.

மூன்றாவது ஒப்பீட்டுச் சுமை. அடுத்த வீட்டில் ஐந்து வகைப் பலகாரம் என்றால் நம் வீட்டில் ஆறு வகை வேண்டும் என்று மனம் எண்ணுகின்றது. மாமியார் வீட்டில் முதலில் விழாக் கொண்டாடுவதா, தாய்வீட்டில் முதலில் கொண்டாடுவதா என்னும் வழக்கு எழுகின்றது. “போன ஆண்டு இப்படிச் செய்யவில்லையே” என்று ஒருவர் சொல்லும் ஒரு சொல், இரவெல்லாம் கண்விழித்த ஒருவரின் நெஞ்சைப் புண்படுத்திவிடுகின்றது.

இச்சுமை நம் நாட்டிற்கு மட்டும் உரியதன்று. 1967ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டு மருத்துவ அறிஞர்களாகிய தாமஸ் ஹோம்ஸ், ரிச்சர்டு ரே என்னும் இருவர், மனித வாழ்வில் மனத்தையும் உடலையும் அலைக்கழிக்கும் 43 நிகழ்ச்சிகளைத் தொகுத்து, ஒவ்வொன்றிற்கும் ஒரு மதிப்பெண் வழங்கினர். வாழ்க்கைத் துணையை இழத்தல் என்பதற்கு அவர்கள் அளித்த எண் 100. அப்பட்டியலின் இறுதிக்குச் சற்று முன்னே, 12 என்னும் எண்ணோடு கிறிஸ்து பிறப்பு விழாவும் இடம் பெற்றிருந்தது! எண் சிறியதே. ஆயினும், துன்பங்களின் வரிசையில் ஒரு திருநாளும் நிற்பது நம்மைச் சிந்திக்கச் செய்கின்றது. நல்ல நிகழ்ச்சியே ஆனாலும், நாள்தோறும் செல்லும் வழியினின்று வாழ்க்கையை மாற்றுவது எதுவோ, அது மனிதனிடம் ஆற்றலைக் கேட்கின்றது என்பதே அவர்கள் கண்ட உண்மை.

இம்மூன்றினும் பெரிய சுமை ஒன்று உண்டு. அது பிரிவு. இராமநாதபுரம் மாவட்டத்தினர் பலர் வளைகுடா நாடுகளிலும் சிங்கப்பூர், மலேசிய நாடுகளிலும் பணி புரிகின்றனர். விழா நாளில் அவர்கள் முகத்தை அலைபேசித் திரையிலேதான் பெற்றோர் காண்கின்றனர். கடலுக்குச் சென்றவர் கரை திரும்பாத வீடுகளும் உண்டு. 1964ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் நாள் இரவு பெரும்புயல் ஒன்று தனுஷ்கோடியைத் தாக்கியது. பாம்பனிலிருந்து சென்ற புகைவண்டி நூற்றுக்கும் மேற்பட்ட பயணிகளோடு கடலுக்கு இரையாயிற்று. ஊரே அழிந்தது. கிறிஸ்து பிறப்பு விழாவிற்கு மூன்று நாள்களே இருந்த வேளை அது. அங்கிருந்த கிறிஸ்தவக் கோயிலின் இடிந்த சுவர்கள் இன்றும் மணலிடையே நிற்கின்றன. 2004ஆம் ஆண்டில் அவ்விழாவின் மறுநாட் காலையில் ஆழிப்பேரலை எழுந்து, தமிழகக் கடற்கரையில் பல்லாயிரம் குடும்பங்களின் வாழ்வைக் கலைத்தது. இத்தகைய குடும்பங்களுக்குத் திருநாள் வரும்போது, நீங்கியவரின் நினைவும் உடன் வருகின்றது. எல்லோரும் மகிழும் நாளில் தான் மட்டும் மகிழ இயலாமை கொடிது.

இதற்கு நம் முன்னோர் ஒரு வழி கண்டிருந்தனர். இழவு நேர்ந்த வீட்டில் ஓராண்டு நிறைவுறும் வரையில் எண்ணெய்ச் சட்டி வைப்பதில்லை. அஃதாவது, பலகாரம் சுடுவதில்லை. ஆனால், அவ்வீட்டுக் குழந்தைகள் திருநாளன்று வெறுங்கையோடு நிற்பதும் இல்லை. உறவினரும் அண்டை அயலாரும் தத்தம் வீட்டுப் பலகாரங்களைக் கொண்டு வந்து கொடுப்பர். இவ்வழக்கத்தின் நுட்பம் எண்ணத்தக்கது. துயருற்றவரை, “நீ மகிழ்ச்சியாய் இரு” என்று அது வற்புறுத்தவில்லை. “உன்னைத் தனியே விட்டுவிட்டோம்” என்றும் சொல்லவில்லை. சுமையை அவர் தோளினின்று இறக்கி, ஊரார் பலரும் ஆளுக்குக் கொஞ்சமாகப் பகிர்ந்துகொள்கின்றனர். மரபு என்பது கல்லில் பொறித்த கட்டளை அன்று. மனிதரின் நிலை அறிந்து வளைந்து கொடுப்பது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

இனி, இவ்விரு திருநாள்களின் தோற்றத்தையும் சற்றே நோக்குவோம். திருவாதிரைக் களி எங்ஙனம் வந்தது? சேந்தனார் என்னும் அடியார் தில்லையில் விறகு விற்று வாழ்ந்தார். நாள்தோறும் ஓர் அடியார்க்கேனும் உணவளித்த பின்னரே தாம் உண்பது அவர் நோன்பு. ஒருநாள் பெருமழை பெய்தது. விறகு நனைந்தது, விற்பனை இல்லை, அரிசி வாங்க வழியில்லை. வீட்டில் இருந்த மாவைக் கொண்டு களி செய்து அடியார் வரவை எதிர்நோக்கியிருந்தார். இறைவனே முதிய அடியார் வடிவில் வந்து அக்களியை உண்டு, எஞ்சியதையும் பெற்றுச் சென்றான் என்பர். மறுநாள் தில்லைத் திருக்கோயிலின் கருவறையைத் திறந்தபோது அங்கே களி சிந்திக் கிடந்ததாம். ஆகவே, களி என்பது செல்வர் வீட்டு விருந்தன்று. வறியவர் ஒருவர் தம்மிடம் இருந்ததைக் கொண்டு செய்த எளிய உணவு.

கிறிஸ்துமஸ் குடிலின் வரலாறும் அத்தகையதே. கிறிஸ்துநாதர் மாட்டுக் கொட்டிலில் பிறந்து, தீவனத் தொட்டியில் கிடத்தப்பட்டார் என்பது கிறிஸ்தவ மறை கூறும் செய்தி. எளிமையையே செல்வமாகக் கொண்ட அசிசி நகரத்துப் பிரான்சிசு என்னும் துறவி, அதனை மக்கள் கண்ணாரக் கண்டு உணர்தல் வேண்டும் என விரும்பினார். 1223ஆம் ஆண்டில் இத்தாலி நாட்டுக் கிரேச்சோ என்னும் சிற்றூரில் வைக்கோல் பரப்பிய தொட்டி ஒன்றை வைத்து, அருகே ஓர் எருதையும் கழுதையையும் நிறுத்தி, அவ்விழாவைக் கொண்டாடினார். பட்டும் பொன்னும் அங்கே இல்லை. தங்கச்சிமடத்துச் சிறுவன் இன்று வைக்கோல் தேடி ஓடுவது அந்த எளிய இரவின் தொடர்ச்சியே.

மழை நாளில் எஞ்சிய மாவு, கொட்டிலில் கிடந்த வைக்கோல் - இரு திருநாள்களின் வேரும் இத்துணை எளியது! வறுமையிற் பிறந்த விழாவைக் கொண்டாட ஒருவர் கடன் வாங்குவாராயின், அவர் வேரை மறந்து கிளைகளுக்கே நீர் ஊற்றுகின்றார் என்றுதான் சொல்லுதல் வேண்டும். கூடுதலும் நினைவும் ஈதலும் விழாவின் வேர்கள். ஆடம்பரமும் போட்டியும் பின்னர்ப் படர்ந்த கொடிகள். கொடி மரத்தையே மூடிவிடாமல் பார்த்துக்கொள்ளுதல் நம் கடமை.

அதற்குச் சில வழிகளை மேற்கொள்ளலாம். விழாவிற்கு முன்பே குடும்பத்தினர் அனைவரும் ஒன்றாய் அமர்ந்து, இவ்வளவே செலவு என்று வரையறுத்துக்கொள்ளலாம். தந்தையின் வருவாயைப் பிள்ளைகளும் அறிந்திருப்பது தவறன்று. அறிந்த பிள்ளை விலையுயர்ந்த ஆடைக்காக அழுவதில்லை. ஆறு வகைப் பலகாரத்திற்கு மாற்றாக இரண்டு வகை செய்து, அவற்றை நான்கு வீடுகளுக்குக் கொடுக்கலாம். வேலையை வயதிற்கும் வலிமைக்கும் ஏற்பப் பங்கிடலாம். காய் நறுக்குதல், தேங்காய் துருவுதல், வீடு பெருக்குதல், பாத்திரம் துலக்குதல் ஆகியவை ஆண்மக்களுக்கு இழிவானவை அல்ல. களி கிண்டும் கரண்டியைத் தந்தையும் மகனும் மாறி மாறிப் பிடித்தால் அன்னைக்கும் கோயிலுக்குச் செல்ல நேரம் கிடைக்கும். எந்த வழக்கம் நம்மை இணைக்கின்றதோ அதனைப் போற்றிக் காக்கலாம். எந்த வழக்கம் யாரோ ஒருவரை மட்டும் வருத்துகின்றதோ அதனைத் தயங்காது சுருக்கிக்கொள்ளலாம்.

மாணவர்களே! அடுத்த திருநாளன்று உங்கள் வீட்டில் இறுதியாக உண்பவர் யார் என்று கவனித்துப் பாருங்கள். அவர் உண்ணும்போது நீங்கள் பரிமாறுங்கள். உங்கள் தெருவில் எண்ணெய்ச் சட்டி வைக்காத வீடு எது என்று கேட்டறிந்து, அங்கே ஒரு தட்டுப் பலகாரம் கொண்டு செல்லுங்கள். சுமையில் பங்கு கொண்டவர்க்கே திருநாளின் இன்பம் முழுமையாகக் கிட்டும்.